இரண்டு விசில்

அந்தச் சாலையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு போகிறது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது வெறும் கோடு. இரண்டு போலீஸ் ஸ்டேஷன்களுக்கு அதுதான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன் பர்ஸ் அடித்தால் இவர்கள் பாடு, அந்தப் பக்கம் அடித்தால் அவர்கள் பாடு. கோட்டின் மேலேயே நின்று அடித்தால் பறிகொடுத்தவர் பாடு. அப்படிப் பறிகொடுத்தவர்கள் இரண்டு ஸ்டேஷனுக்கும் மாறி மாறி நடந்து, கடைசியில் பர்ஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டைப் பார்க்கப் போனதெல்லாம் உண்டு.

அந்தச் சாலை வந்து சேருகிற சந்தியில், வெயிலுக்குப் பேருக்கு ஒரு குடை வைத்த மேடைமேல் நிற்பவள் ஏட்டம்மா. போக்குவரத்துப் பிரிவில் தலைமைக் காவலர். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. அதற்கு டாக்டர் கொடுத்த இறுக்கமான காலுறையைக் காலையில் மாட்ட ஆள் வேண்டும். அவளுடைய வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து மாட்டிவிடுவார். அவருக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. சமையலும் அவர்தான். குழம்புக்கு உப்புப் போடும்போதுகூட கரண்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். "வெடிச்சிடப் போகுது, தள்ளி நில்லுங்க" என்று ஏட்டம்மா கேலி செய்வாள். காலையில் அவர் கட்டுகிற டிபன் டப்பாவில் ஓர் அடுக்கு கூடுதலாக இருக்கும். அது கண்டக்டருக்கு.

சந்தியை ஒட்டி மேம்பாலம் ஏறுகிறது. இந்தப் பக்கத்து எல்லைக்குள் இருக்கும் ஒரு தூணடியில் கண்டக்டர் இருந்தார். நிஜமாகவே டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஏறுகிறவர் யார் இறங்குகிறவர் யார் என்று தெரியாமல் போனபோது வேலை போயிற்று. இப்போது பகலா இருட்டா என்பது மட்டும் தெரியும்.

அவரை வீடில்லாதவர் என்று யாராவது சொன்னால் பொல்லாத கோபம் வரும். "நான் வீடு மாறவே இல்லம்மா. வீட்டைத்தான் எடுத்துட்டாங்க" என்பார். பாலம் வருவதற்கு முன் அங்கே வரிசையாக வாடகை அறைகள் இருந்தன. அதில் ஒன்றில்தான் தனிக்கட்டையாக அவர் பாதி ஆயுளைக் கழித்தார். இடித்தபோது மற்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். இவர் கொஞ்ச காலம் பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் கிடந்துவிட்டு, பாலவேலை முடிந்ததும் திரும்பி வந்தார். அந்தத் தெருவின் பழைய தண்ணீர்க் குழாயை யாரும் பிடுங்கவில்லை. அதைக் கைத்தடியால் தட்டிக் கண்டுபிடித்து, அங்கிருந்து நடந்து, தன் அறை இருந்த இடத்தையே பிடித்துவிட்டார். கட்டில் கிடந்த இடத்தில் தூண் நின்றது. அதனால் படுக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி. வாசல் இருந்த இடத்தில் ஒரு செங்கல்.

ஏட்டம்மா முதல்முறை அவரை விசாரிக்கப் போனபோது நேராகப் படுக்கையை நோக்கி நடந்தாள். "சுவர் வழியா வராதம்மா. வாசல் அந்தப் பக்கம்" என்றார் அவர். அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கி, சுற்றிக்கொண்டு போய்ச் செங்கலைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். நுழைந்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவள் வாசல் வழியாகத்தான் போவாள்.

வெளியூரில் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். டீக்கடைக்காரரின் போனில் அவ்வப்போது அவளிடம் பேசுவார். "எனக்கென்ன, அதே ரூம்தான். காத்தோட்டமா இருக்கு" என்று சொல்வதை ஏட்டம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"என்னண்ணே, கூசாம பொய் சொல்றீங்க."

"எதும்மா பொய்? ரூம் அதேதானே? காத்து வரலையா?"



மாதத்துக்கு ஒருமுறை சந்தியோரத்து ஸ்டேஷன் மாடியில் கண்காணிப்புக் குழு கூடும். ஊர்க்காரர்கள் போலீஸைக் கேள்வி கேட்பதற்காக வைத்த குழு. தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். மருந்துக்கடைக்காரர் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியை ஒருவர், இன்னும் சிலர். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. திருட்டு எத்தனை, விபத்து எத்தனை, பாலத்தடியில் ஆட்கள் எத்தனை என்று கேட்பார்கள். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள், மூன்றும் ஒரே கூடையில் வருகிற சரக்கு மாதிரி. ஒருமுறை தலைமையாசிரியை மட்டும், "அவங்களுக்கு எங்கயாவது இடம் பார்த்துக் கொடுக்கலாமே?" என்று கேட்டார். "பார்த்துக்கிட்டே இருக்கோம் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். அவரும் பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் குழு ஒரு வண்டியில் ஏறி எல்லையைச் சுற்றிவரும். முன்பெல்லாம் அதற்கு முந்தின நாள் ஸ்டேஷன் வேன் கிளம்பும். பாலத்தடியில் இருப்பவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஊருக்கு வெளியே குப்பை கொட்டும் மைதானத்தையும் தாண்டி இறக்கிவிட்டு வரும். கால் உள்ளவர்கள் நடந்தே திரும்பினார்கள். கூடை முடைகிற ஒருவர் திரும்பவே இல்லை. அவரை யாரும் தேடவும் இல்லை.

கண் தெரியாத கண்டக்டரை அங்கே இறக்கிவிட்டால் அவ்வளவுதான் என்று ஏட்டம்மாவுக்குத் தெரியும். இந்தத் தூணடியில் அவருக்குக் குழாய் எங்கே, டீக்கடை எங்கே, கக்கூஸ் எங்கே என்பது அத்துபடி. வேறு எங்கே விட்டாலும் முதல் பள்ளத்திலேயே முடிந்துவிடுவார். அவரை அந்த வேனில் ஏறவிடக் கூடாது. ஏட்டம்மா மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

அவள்தான் இன்ஸ்பெக்டரிடம் அந்த யோசனையைச் சொன்னாள். வேன் எதற்கு, பெட்ரோல் எதற்கு? கூட்டத்தன்று காலையில் எல்லாரையும் சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் அது அடுத்த ஸ்டேஷன் எல்லை. சாயங்காலம் திரும்பி வரட்டும். அடுத்த ஸ்டேஷனுக்குக் கூட்டம் வேறு வாரத்தில். அன்றைக்கு அவர்கள் ஆட்கள் இந்தப் பக்கம் வந்து நிற்கட்டும். இன்ஸ்பெக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷன்காரர்களும் சரி என்றார்கள். இப்படியாக, ஒரு செங்கல் வைத்துக் கட்டாமல் இரண்டு ஸ்டேஷன்களும் தங்கள் எல்லையில் வீடில்லாதவர்களே இல்லாமல் செய்துவிட்டன.

முதல்முறை கண்டக்டரைக் கையைப் பிடித்து அவளே அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். அவள் மேடையைவிட்டு இறங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் சந்தி இறுகிப்போய், வயர்லெஸ்ஸில் இன்ஸ்பெக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கண்டக்டர் சொன்னார்: "நீ எதுக்கும்மா இறங்கி வர்றே? வண்டியெல்லாம் நிறுத்திட்டு ரெண்டு விசில் குடு. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"ரெண்டா?"

"பஸ்ஸுல ஒரு விசில் அடிச்சா நில்லு. ரெண்டு அடிச்சா போ. என் ஆயுசு பூரா நான் ரெண்டு விசில் அடிச்சேன், வண்டி போச்சு. இப்ப நீ அடி, நான் போறேன்."

அதன்பிறகு அப்படித்தான். அவள் கைகளை விரித்து நாலு பக்கமும் நிறுத்திவிட்டு, குட்டையாக இரண்டு விசில் அடிப்பாள். கண்டக்டர் ஒரு கையில் தகரப் பெட்டியும் மறுகையில் தடியுமாக இறங்குவார். தயங்கவே மாட்டார். காரும் லாரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, தலையை நிமிர்த்தி நடுச்சாலையில் நடந்து போவார். பார்க்கிற யாரும் அவருக்குக் கண் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். அந்த நடையைப் பார்க்கிறபோதெல்லாம் ஏட்டம்மாவுக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். சாயங்காலம் திரும்பி வருவதற்கும் அதே இரண்டு விசில்தான். கூட்டம் நடக்கும் நாளை அவர் டிரிப் என்பார். "இன்னைக்கு டிரிப் உண்டா?" என்று காலையிலேயே கேட்டுவிடுவார்.

இதை அவள் வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் காலுறையை மாட்டிக்கொண்டே யோசித்தார்.

"அவர் கைத்தடியைப் பிடுங்கி உன் வாயில வச்சுக்கிட்ட மாதிரி இருக்கே. நீ ஒருநாள் லீவு போட்டா?"

"நான் எங்க லீவு போடறேன்" என்றாள் அவள்.

அந்த வருஷம் அவளுடைய சந்தியில் ஒரு சாவுகூட இல்லை. குழுவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். கூட்டத்துக்கு அவளை வரச்சொல்லி எல்லார் முன்னிலையிலும் ஒரு கேடயம் கொடுப்பது என்று முடிவாயிற்று. மேடையில் அவளுக்குப் பதிலாக நிற்க மீசைக்காரரைப் போட்டார்கள். நெடுஞ்சாலை ரோந்தில் பல காலம் இருந்துவிட்டு அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். மீசையைத் தவிர மற்ற எல்லாம் சாதுவான மனுஷன்.

அன்று காலை கண்டக்டரை அனுப்பிவைக்க அவள் தூணடிக்குப் போனாள்.

"என்னம்மா இது, சட்டையில புதுசா கஞ்சி வாசனை? கல்யாணத்துக்கா போறே?"

"மீட்டிங்குக்கு வரச் சொல்லியிருக்காங்கண்ணே. எனக்குக் கேடயம் தராங்களாம்."

"கேடயமா? யார்கூட சண்டை?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு வருஷம் ஒரு உசுரு போகலைன்னா சும்மாவா. வாங்கிட்டு நேரா என்கிட்ட கொண்டு வா. தடவிப் பார்க்கணும்" என்றார்.

"உங்களைத் திரும்பக் கூப்பிட எப்படியும் வருவேன்ல. அப்ப கொண்டு வரேன்."

மேடையேறி வண்டிகளை நிறுத்தி இரண்டு விசில் அடித்தாள். அவர் போய்ச் சேர்ந்து, எப்போதும் போலத் தடியைத் தூக்கிக் காட்டினார். மற்ற ஆட்கள் அவருக்கு முன்பே போய் எதிர்ப்பக்கத்துச் சந்துகளில் கலைந்திருந்தார்கள். கண்டக்டர் மட்டும் எப்போதும் சாலையோரத்திலேயே நிற்பார். உள்ளே போனால் திரும்பும் வழி தவறிவிடும் என்ற பயம்.

மீசைக்காரரிடம் அவள் எல்லாம் சொன்னாள். எந்த நேரம் பள்ளி வேன் வரும், எந்தப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் திரும்பும், எந்தத் தண்ணீர் லாரிக்காரன் சிக்னலை மதிக்கமாட்டான். "எதிர்ப்பக்கம் கண் தெரியாத பெரியவர் ஒருத்தர் நிப்பார். அவரை நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றும் சொன்னாள். விசிலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது சந்தியின் சட்டமில்லை, அவளுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. ஒரு போலீஸ்காரரிடம் போய் அதைச் சொன்னால் சிரிப்பாரோ என்று ஒரு சின்னக் கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்து நினைத்துத்தான் பின்னால் அவள் தன்னைத்தானே தின்றாள்.

மாடியில் கூட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. பொறியாளருக்குப் பேசக் கிடைத்தால் போதும். சாலைக்குத் தார் போடுவதில் ஆரம்பித்து, பாலங்களின் ஆயுள் வரைக்கும் போய், ஒருவழியாகச் சந்திக்கு வந்து சேர்ந்தார். ஏட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. எழுந்து போய்விடலாமா என்று இரண்டொரு தடவை தோன்றியது. கேடயத்தை வாங்க வந்தவள் நடுவில் எழுந்து போவது எப்படி?

பெயரைச் சொல்லி அழைத்தார்கள். போனாள். பொறியாளர் கேடயத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, போட்டோவுக்காகத் தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் வெளியே விசில் கேட்டது.

இரண்டு விசில். குட்டையாக, அடுத்தடுத்து.

கீழே நடந்தது இதுதான். போன் பேசிக்கொண்டே பைக்கில் வந்த ஒருவனை மீசைக்காரர் பார்த்தார். நெடுஞ்சாலையில் ஒருவனை ஓரங்கட்டச் சொல்ல இரண்டு விசில்தான் அடிப்பார்கள். பல வருஷப் பழக்கத்தில் இங்கேயும் அதையே அடித்தார். சாலை ஓடிக்கொண்டிருந்தது. எந்த வண்டியும் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் வெயிலில் நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே காத்துக்கொண்டிருந்த ஒருவர், பெட்டியும் தடியுமாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

கேடயம் கையில் இருப்பதுகூடத் தெரியாமல் ஏட்டம்மா கதவுப்பக்கம் ஓடினாள். படிக்கட்டில் பாதி இறங்கும்போது லாரியின் பிரேக் சத்தம் கேட்டது. அது எவ்வளவு நேரம் கேட்டது என்று அவளுக்குத் தெரியாது. நின்ற பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் கோட்டின் மேல் கிடந்தார். தண்ணீர் லாரிக்காரன் நடைபாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். மீசைக்காரர் விசிலைக் கையில் பிடித்தபடி மேடைக்குக் கீழே மரமாக நின்றார். ஏட்டம்மா மண்டியிட்டு, "அண்ணே" என்றாள். மறுபடியும் "அண்ணே" என்றாள். கையில் கேடயம் இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் ஆள் வந்தார்கள், டேப்போடு. நடைபாதையிலிருந்து கோடு வரை அளந்தார்கள், கோட்டிலிருந்து அவர் வரை அளந்தார்கள். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று பேச்சு. இறங்கியது உங்கள் பக்கத்திலிருந்து என்றார்கள் இவர்கள். ஆள் உங்கள் ஆள் என்றார்கள் அவர்கள். டேப்பின் நுனி காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு போலீஸ்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த கேடயத்தை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அவளை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "நல்லவேளை, பாதிக்கு மேல அந்தப் பக்கம். அவங்களே பார்த்துக்கட்டும். நீ எதுவும் பண்ணல, எதுவும் பார்க்கல. மேலதான் இருந்தே. புரியுதா?" அவர் கரிசனமாகத்தான் சொன்னார். மாடி ஜன்னலிலிருந்து பொறியாளர் எட்டிப் பார்த்து, இது நம்ம கணக்கில் வருமா என்று கேட்டார். வராது என்றதும் அவர் முகம் தெளிந்தது. தலைமையாசிரியை ஜன்னலைவிட்டு நகரவே இல்லை.

வீட்டில் அன்று வீட்டுக்காரர் காலுறையைக் கழற்றிவிடும்போது, "நான் அடிக்கலைங்க" என்றாள். "தெரியும்" என்றார். "நான் அந்த விசிலை அடிக்கவே இல்லை" என்றாள் மறுபடியும். அவர் அவள் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை டிபன் டப்பாவில் அந்தக் கூடுதல் அடுக்கும் இருந்தது. பழக்கத்தில் கட்டிவிட்டார். அவள் சந்தியில் திறந்து பார்த்துவிட்டு, மூடி, அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

மீசைக்காரர் இரண்டொரு முறை அவளிடம் வந்தார். "அக்கா, எனக்குப் புரியவே இல்லை. அவர் ஏன் அந்த நேரம் பார்த்து இறங்கினார்? நான் பைக்குல வந்தவனைத்தான் பார்த்தேன்." அவள் வண்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் விசிலைத் தொடமாட்டார்.

அந்த வாரக் கடைசியில், பையோடு ஒரு வயதான அம்மா சாலையைக் கடப்பதை ஏட்டம்மா மேடையிலிருந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அதே அம்மா திரும்பி வந்தார். மறுபடியும் போனார். மூன்றாவது தடவை நடுக்கோட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். ஏட்டம்மா வண்டிகளை நிறுத்திவிட்டு மேடையைவிட்டு இறங்கிப் போனாள்.

"என்னம்மா, யாரைப் பார்க்கணும்?"

"எங்கண்ணனோட உடம்பை வாங்க வந்தேம்மா. டீக்கடைக்காரர் போன் பண்ணிச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில ஸ்டேஷன் கடுதாசி கேக்கறாங்க. இந்த ஸ்டேஷன்ல அங்க போன்னு சொல்றாங்க, அங்க போனா இங்க போன்னு சொல்றாங்க." அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அவரு டவுன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தாரு."

ஏட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று மெதுவாக நடத்திக்கொண்டு வந்து, நேராகத் தன் ஸ்டேஷன் மாடிக்கு ஏறினாள்.

"நம்ம எல்லைங்க ஐயா" என்றாள்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எது?"

"கண்டக்டர் செத்தது. நம்ம எல்லையில குடியிருந்தவர். நம்ம எல்லைக்குத் திரும்பி வரப்பத்தான் செத்தார். அந்தப் பக்கம் அனுப்பினது நான். திரும்பி வர ரெண்டு விசிலுக்குப் பழக்கினதும் நான். எழுதிக்கங்க."

"உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா? எனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. இந்தம்மாவை இன்னொரு தடவை அந்த ரோட்டைக் கடக்க வைக்கமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் எதுவும் விளங்காமல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எழுதினார். அவரைப் பற்றி இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கீழே வந்ததும் அந்த அம்மா கேட்டார். "அவரு ரூம் பக்கத்துலதானே இருக்கு? சாமான் ஏதாவது இருந்தா எடுத்துக்கறேன். காத்தோட்டமான ரூம்னு சொல்வாரு."

ஏட்டம்மா அவரைப் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டி நசுங்கிப் போய் ஸ்டேஷனில் கிடந்தது. தூணடியில் பாயும், கவிழ்த்துவைத்த ஒரு டம்ளரும், செங்கலும் மட்டும் அப்படியே இருந்தன. அந்த அம்மா தூணை அண்ணாந்து பார்த்தார். பாயைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு பாயை நோக்கி நேராக நடந்தார்.

"சுவர் வழியா வராதீங்கம்மா" என்றாள் ஏட்டம்மா. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. "வாசல் அந்தப் பக்கம்."

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு போய், செங்கல் அருகே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். ஏட்டம்மாவும் வாசல் வழியாக வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை நாளும் வராத அழுகை, சீருடை நனைய வந்தது.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வேனைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள், விசிலைச் சொன்னாள். கேடயம் வாங்கப் போனதையும் சொன்னாள்.

அந்த அம்மா பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டார். "அப்ப அன்னைக்கு விசில் அடிச்சது நீங்க இல்லையா?"

"இல்லம்மா."

"அது அவருக்குத் தெரியாதில்ல?"

தெரியாது என்று ஏட்டம்மா தலையை அசைத்தாள்.

"போன்ல உங்களைப் பத்திச் சொல்வாரு. ரோட்டுல ஒரு பொண்ணு இருக்கு, அது விசில் குடுத்தா கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்னு. அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. ஏதோ வேடிக்கைக்குச் சொல்றாருன்னு நினைச்சேன்." அந்த அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் செய்தார், ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். "நீங்கதான்னு நினைச்சிருப்பாரும்மா. பயமில்லாமத்தான் இறங்கியிருப்பாரு. அது போதும்."

சந்தியில் அவளுக்குப் பதிலாக நின்ற மீசைக்காரர் ஒரு விசில் அடித்தார். வண்டிகள் நின்றன. அந்த அம்மா டம்ளரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஏட்டம்மா தலை நிமிராமல், இரண்டாவது விசில் வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.